லோர்கனைத் தூங்க வைத்த மெட்டு

இது நடந்தது. நடந்த வீடு இன்னும் இருக்கிறது. நடந்த அறையில் இன்னும் ஆட்கள் தூங்குகிறார்கள். என் யாழ் விரிசல் விட்டு என் வீட்டு மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. நம்ப முடியாதவர்கள் இப்போதே எழுந்து வேறு வேலை பார்க்கப் போகலாம். என் தம்பியிடம் கத்திக் கத்தியே தொண்டை போய்விட்டது. உங்களிடமும் கத்த எனக்குத் தெம்பில்லை.

என் பெயர் சபீனா. அயர்லாந்தின் மேற்குக் கரையில், மேயோ வட்டாரத்தில் எங்கள் ஊர். பித்தளைக் கம்பி கட்டிய பழைய மாதிரி யாழ் வாசிக்கிறேன். கல்யாணத்துக்கும் கூப்பிடுவார்கள், சாவுக்கும் கூப்பிடுவார்கள். பேய்க் கதை என்றாலே எனக்குக் கடுப்பு. அதற்குக் காரணம் உண்டு.

எங்கள் பக்கத்தில் ஒரு பாட்டை எடுப்பதற்கு முன்னால் அதன் கதையைச் சொல்லியாக வேண்டும். யார் கட்டியது, யாருக்காக, என்ன நடந்தபோது. கதை சொல்லாமல் பாடினால் சட்டை போடாமல் சபைக்கு வந்தவனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் கதை தெரியாதவன் என்ன செய்வான்? புளுகுவான். காதலியை நினைத்துக் கண் தெரியாத யாழ்க்காரர் கட்டியது என்பான். குன்றுக்கு அடியில் தேவதைகள் வாசித்ததை ஒட்டுக் கேட்டு எழுதியது என்பான். கேட்கிறவர்களும் உச்சுக் கொட்டுவார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

வார்த்தைகள் போனது அதைவிடக் கொடுமை. அந்தக் காலத்தில் ஊர் ஊராக வந்து மெட்டு சேகரித்த துரைமார்களில் பாதிப் பேருக்கு எங்கள் மொழி தெரியாது. மெட்டை எழுதிக்கொண்டு போனார்கள். வார்த்தையை விட்டுவிட்டார்கள். நினைத்தால் வயிறு எரியும்.

எங்கள் ஊர் மெட்டு ஒன்று அப்படித்தான் இருந்தது. பழைய யாழ் மெட்டுகளை மூன்று வகையாகப் பிரிப்போம். சிரிக்க வைப்பவை, அழ வைப்பவை, தூங்க வைப்பவை. ஒரு துரையின் அச்சுப் புத்தகத்தில் இந்த மெட்டு ‘தூங்க வைப்பவை’ பகுதியில் கடைசியாக வரும். வார்த்தை இல்லை, கதை இல்லை. ஊரில் பெரியவர்களைக் கேட்டால், “அதுவா... தாலாட்டு” என்று சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

எனக்கு அது தாலாட்டாகப் படவே இல்லை. தாலாட்டு விடாமல் ஆட வேண்டும். இது நின்று நின்று போகும். ஒவ்வொரு அடியின் முடிவிலும் ஒரு காலி இடம். யாரோ ஏதோ செய்வதற்காக விட்ட இடம். என்ன செய்வதற்காக? முப்பது வருடம் மண்டையைக் குடைந்துகொண்டேன். பிடிபடவில்லை.

என் தம்பி ஃபெஸ்டிக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. அவன் ஊர் ஓட்டலில் வெளியூர்க்காரர்களுக்குப் பாடுகிறவன். போன வருடம் அக்டோபரில் அந்த மெட்டுக்கு அவனே வார்த்தை எழுதிவிட்டான். நிலா, ஆட்டுக்குட்டி, படகில் வரும் அப்பா. காலி இடம் வந்தபோதெல்லாம் ‘ஷோஹீன் ஷோ’ என்று போட்டு அடைத்துவிட்டான். அது எங்கள் ஆராரோ.

“ஏன்டா, ஆட்டுக்குட்டிக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்?” என்றேன்.

“உனக்கு எதுலதான் திருப்தி, சபீனா? மெட்டு சும்மாத்தானே கெடந்துச்சு.”

“சும்மா கெடந்தா நீ ஏறி உக்காந்துக்குவியா?”

“பையன் தூங்குறான். எனக்கு அது போதும்.”

பையன் என்றது லோர்கனை. அப்போது ஐந்து மாதம். பிறந்ததிலிருந்து சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் தூங்கியதில்லை. ஃபெஸ்டியின் மனைவி டெர்வ்லா நின்றுகொண்டே தூங்கப் பழகியிருந்தாள். ஒரு நாள் நான் யாழில் வாசிக்க, ஃபெஸ்டி தன் வார்த்தைகளைப் பாட, இரண்டாவது அடி முடிவதற்குள் பையன் தூங்கிவிட்டான். டெர்வ்லா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஃபெஸ்டி அதைப் போனில் பதிவு செய்துகொண்டான். தினமும் சாயங்காலம் போட்டான். தினமும் பையன் தூங்கினான். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை.

தொல்லை முதலில் யாழில் ஆரம்பித்தது.

ஓட்டலில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு ஒத்திகை பார்ப்பதற்காக யாழை ஃபெஸ்டி வீட்டுச் சமையலறையிலேயே விட்டிருந்தேன். பழைய யாழில் நடுவில் இரண்டு கம்பிகள் ஒரே சுருதியில் இருக்கும். ‘சகோதரிகள்’ என்போம். அவற்றை முதலில் சேர்த்துவிட்டுத்தான் மற்றதையெல்லாம் சேர்க்க வேண்டும். அதில் ஒன்றின் சுருதி இறங்கியது. சேர்த்தேன். மறுநாள் இறங்கியிருந்தது. புதுக் கம்பி போட்டேன். அதுவும் இறங்கியது. ஈரக் காற்றில் கம்பி இறங்குவது புதிதில்லை. ஆனால் அது கண்டபடி இறங்க வேண்டும். இந்தச் சனியன் தினமும் ஒரே அளவு இறங்கி, ஒரே சுரத்தில் போய் நின்றது. யாரோ சுருதிச் சாவி போட்டுச் சேர்த்து வைத்தது போல, சுத்தமாக.

“யாருடா என் யாழைத் தொடறது?”

“எங்களுக்கு வேற வேலையில்ல பாரு,” என்றான் ஃபெஸ்டி.

நவம்பர் நடுவில் டெர்வ்லா போன் செய்தாள்.

“நேத்து நீங்க வந்தப்போ பையன் ரூம் ஜன்னலைத் திறந்தீங்களா?”

“இந்தக் குளிர்ல நான் எதுக்கும்மா திறக்கறேன்?”

“அப்போ இவர்தான். பச்சைக் குழந்தை இருக்கற ரூம்ல... அறிவு வேணாம்?”

ஃபெஸ்டி தான் திறக்கவில்லை என்றான். பிறகு கூடத்தில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடி, சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. டெர்வ்லா ஃபெஸ்டியைத் திட்டினாள். ஃபெஸ்டி என்னைத் திட்டினான். பிறகு சமையலறைக் கடிகாரம் நின்றது. மணி 4:25. பேட்டரி மாற்றினான். மறுநாளும் நின்றது. 4:25.

“மலிவா வாங்கினா இப்படித்தான்,” என்றாள் டெர்வ்லா.

“உங்கம்மா குடுத்த கடிகாரம் அது,” என்றான் அவன். அன்றைக்குப் பூராவும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

இந்தக் கூத்துக்கு நடுவில் லோர்கன் தூங்கிக்கொண்டே இருந்தான். முதலில் ராத்திரி முழுக்க. பிறகு பகலிலும். எழுந்தாலும் அழுவதில்லை. பால் பாதியிலேயே நின்றுவிடும். கண்ணைத் திறந்து, நமக்குப் பின்னால் யாரையோ பார்த்துவிட்டு மூடிக்கொள்வான். கன்னம் வற்றிப்போனது.

“தூங்கலைன்னாலும் அழற, தூங்கினாலும் அழற. உன்னோட எப்படித்தான் குப்பை கொட்டறது?” என்று ஃபெஸ்டி டெர்வ்லாவிடம் சலித்துக்கொண்டான். அவனுக்கும் பயம். ஒப்புக்கொள்ளத்தான் மாட்டான்.

அவள் என்னைத் தனியாக வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“அந்தப் பாட்டைப் போட வேணாம்னு சொல்லிட்டேன். போன்லேருந்தே அழிச்சுட்டேன்.”

“நல்லது.”

“அழிச்ச அன்னைக்கும் கேட்டுச்சு, சபீனா.”

“எது?”

“பாட்டு. அவரோட குரல் இல்ல...”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? தூக்கம் கெட்டால் காதுக்குள் இரைச்சல் கேட்கும் என்றேன். தேவதைக் கதைகளைக் கேட்டுக் கேட்டு வெறுத்துப்போனவள் நான். வேறு என்ன சொல்லியிருப்பேன்?

டிசம்பர் இரண்டாவது வாரம். டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதியிருந்தார். முடிவைக் காஸில்பார் நகரத்தில் ஒரு பெரிய டாக்டரிடம் காட்ட வேண்டும். வெளியே புயல் மழை. பையனுக்குச் சளி வேறு. அவனை என்னிடம் விட்டுவிட்டு இருவரும் மதியம் கிளம்பினார்கள்.

டெர்வ்லா காரில் ஏறிவிட்டு மறுபடி இறங்கி வந்தாள்.

“அந்த மெட்டை மட்டும் வாசிக்காதீங்க.”

“வாசிக்க மாட்டேன், போ.”

“சத்தியமா?”

“சத்தியமா. போம்மா, மழையில நனையாத.”

லோர்கன் தூங்கினான். நான் தேநீர் போட்டுக் குடித்தேன். யாழைப் பார்த்தேன். அதே கம்பி இறங்கியிருந்தது. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. சாவியை எடுத்து ஏற்றினேன். கண் முன்னாலேயே இறங்கியது. மறுபடி ஏற்றினேன். சாவி என் கைக்குள்ளேயே மெல்லத் திரும்பி இறக்கியது. கம்பி சுற்றிய ஆணி தேய்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். சாவியை மேசையில் எறிந்தேன்.

மணி நான்கு. இருட்டிவிட்டது. எங்கள் டிசம்பர் அப்படித்தான்.

நான்கைத் தாண்டிச் சில நிமிடங்களில் லோர்கன் அழுதான். எத்தனை நாளைக்குப் பிறகு அந்தச் சத்தம்! எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. தூக்கினேன், தட்டினேன், பால் கொடுத்தேன், கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். நிறுத்தவில்லை. முகம் சிவக்க, முதுகை வில்லாக வளைத்து, உயிரே போவது போலக் கத்தினான். எதற்கோ பயந்து அழுகிற அழுகை அது. பசியழுகை இல்லை. கை ஓய்ந்துபோய்த் தொட்டிலில் படுக்க வைத்தேன். பாட்டிலைக் கழுவச் சமையலறைக்கு வந்தேன்.

அழுகை நின்றது.

பாதியில். சட்டென்று.

கடிகாரத்தைப் பார்த்தேன். 4:25. முள் நகரவில்லை.

‘நின்று தொலைந்தது’ என்று முனகிக்கொண்டே திரும்பினேன். சமையலறையிலிருந்து கூடம் நேராகத் தெரியும். கூடத்தின் நடுவில் இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே நின்றன. நான் போடவில்லை. இப்போதுதானே அந்த வழியாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அப்போது அங்கே ஒன்றுமில்லை.

கண்ணாடி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

பையன் அறையிலிருந்து குளிர் காற்று வந்தது. ஜன்னல்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எத்தனை சாவு வீட்டில் வாசித்திருக்கிறேன்! ஜன்னலைத் திறப்பது, உயிர் வெளியே போக. கண்ணாடியைத் திருப்புவது, போகிற உயிர் அதில் மாட்டிக்கொள்ளாமலிருக்க. கடிகாரத்தை நிறுத்துவது, மூச்சு நின்ற நேரத்தில். நாற்காலி இரண்டு, சவப்பெட்டியை வைக்க. எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தோம். முட்டாள்கள்.

நாற்காலிகளுக்கு நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தேன். பெரியவர் பெட்டிக்கான இடைவெளி இல்லை.

சின்னது.

எனக்குப் பின்னால் யாழ் முனகியது. பக்கத்தில் யாராவது பாடினால் பித்தளைக் கம்பிகள் தாமாகவே அதிரும். எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் யார் பாடுகிறார்கள்?

பட்.

பையன் அறையிலிருந்து. உள்ளங்கையும் உள்ளங்கையும் மோதும் சத்தம்.

பிறகு குரல். பெண் குரல். அந்த மெட்டு. நாங்கள் வாசிப்பதைவிட மெதுவாக, இறங்கிய கம்பியின் சுருதியில்.

ஒரு அடி. பட்... ஓக்கோன்...

அடுத்த அடி. பட்... ஓக்கோன்...

‘ஓக்கோன்’ என்றால் எங்கள் மொழியில் ‘ஐயோ’. முப்பது வருடமாக நான் தேடிய காலி இடம். கை தட்டுவதற்கு விட்ட இடம். எங்கள் ஊரில் ஒப்பாரிக்காரிகள் இருந்த காலத்தில் அப்படித்தான் தட்டுவார்களாம். ஒப்பாரி. உயிரோடிருக்கும் ஒருவர் மேல் விளையாட்டுக்குக்கூடப் பாடக் கூடாத ஒப்பாரி. அதைத்தான் வாரக்கணக்கில் தினமும் சாயங்காலம் அந்தப் பிள்ளையின் தலைமாட்டில் போட்டிருக்கிறோம்.

ஓடினேன்.

அறையில் யாரும் இல்லை. ஜன்னல் திரை பறந்தது. லோர்கன் மல்லாந்து கிடந்தான். போர்வை மடிப்புக் கலையாமல் இழுத்துவிட்டிருந்தது. இரண்டு கைகளும் மார்பின் மேல். விரல்களைக் கோர்த்து.

தூக்கினேன். சில்லென்றிருந்தான். தலை தொங்கியது. “லோர்கன்... லோர்கன்...” கன்னத்தில் தட்டினேன். அசையவில்லை. உதடு நீலமாக...

குரல் தொட்டிலுக்கு மேலேயே இருந்தது. என் முகத்துக்கு நேராக. மூச்சு படும் தூரம்.

வார்த்தைகள் தெளிவாகக் கேட்டன.

உன் பாதம் இன்னும் தரையைத் தொடவில்லையே என்றது.

பட்.

உன்னை யாரும் இன்னும் கோபித்துக் கூப்பிடவில்லையே என்றது.

பட்.

ஒரு நொடி நின்றேன். சொல்லவே நாக்கூசுகிறது, ஆனால் நின்றேன். வாழ்நாள் முழுக்கத் தேடிய வார்த்தைகள். இன்னும் ஒரு அடி, ஒரே ஒரு அடி கேட்டுவிட்டால்...

மூன்றாவது அடி வந்தது.

லோர்கனே... ஃபெஸ்டியின் மகனே...

எனக்குள் என்னமோ வெடித்தது. பயம் இல்லை. ஆத்திரம். பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். யாழின் எல்லாக் கம்பிகளும் அந்தக் குரலோடு சேர்ந்து அதிர்ந்துகொண்டிருந்தன. பையிலிருந்து கம்பி வெட்டும் குறடை எடுத்தேன்.

“அவன் சாகலடி! போடி! போ!”

வெட்டினேன்.

டங்!

சகோதரிகள் இரண்டும் போயின. குரல் நிற்கவில்லை. வெட்டினேன். டங்! டங்! கம்பி என் கன்னத்தைக் கிழித்தது. வெட்டினேன். கை வழுக்கியது. ரத்தம். வெட்டினேன். கடைசித் தடிக் கம்பியை வெட்டியபோது யாழின் வயிற்றுப் பலகை பிளந்தது.

படீர்!

நிசப்தம்.

பிறகு... என் தோளில்... ஒரு இருமல்.

லோர்கன் அழுதான். தொண்டை கிழிய. மூச்சு வாங்கி வாங்கி. கூரை பறக்கிற மாதிரி அழுதான்.

நானும் தரையில் உட்கார்ந்து அவனோடு சேர்ந்து அழுதேன்.

அவர்கள் ஏழு மணிக்கு வந்தார்கள். ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஃபெஸ்டி முதலில் பார்த்தது யாழை.

“உனக்கென்ன பைத்தியமா, சபீனா? கிறிஸ்துமஸுக்கு ரெண்டு வாரம் இருக்கு!”

“உன் பிள்ளை செத்துக்கிட்டு இருந்தான்டா!”

“நல்லாத்தானே கத்திட்டு இருக்கான்!”

என்ன சொல்லி என்ன? ஜன்னல் காற்றில் திறந்ததாம். நாற்காலியை நானே போட்டுவிட்டு மறந்திருப்பேனாம். குளிரில் பிள்ளை விறைத்திருக்குமாம். டெர்வ்லா மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பையனை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு என் கன்னத்து ரத்தத்தைத் தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டாள். அன்றிலிருந்து லோர்கன் பழையபடி இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து ஊரைக் கூட்டுகிறான். அந்த வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. டெர்வ்லா முகத்தில் அப்படியொரு நிம்மதி.

இதோடு முடிந்திருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன்.

பிப்ரவரியில் ஒரு சாவுக்குப் போய்விட்டு டொமினிக்கின் கடையில் தேநீர் குடிக்க ஒதுங்கினேன். முன்பக்கம் மதுக்கடை, பின்பக்கம் சவப்பெட்டிப் பட்டறை. எங்கள் பக்கத்தில் இரண்டையும் ஒரே குடும்பம் நடத்துவது சகஜம். டொமினிக் குடும்பம் ஐந்து தலைமுறையாக ஊரைப் புதைத்துக்கொண்டிருக்கிறது. கடையில் வேறு யாரும் இல்லை.

“யாழை ஒடைச்சிட்டியாமே?” என்றார்.

“கம்பியை வெட்டினேன். அதுவா ஒடைஞ்சுது.”

“அந்த மெட்டா?”

நான் கோப்பையை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன்.

“உங்களுக்குத் தெரியுமா? முப்பது வருஷமா ஊரெல்லாம் கேட்டுட்டுத் திரியறேன். உங்களையும் கேட்டேனே! வாயைத் திறந்தீங்களா?”

“கதையைச் சொன்னா பாட்டைக் கேப்பாங்க. இங்க அப்படித்தானே வழக்கம்? அதான் யாரும் சொல்றதில்ல.”

“இப்போ சொல்லுங்க. இனிமே பாடறதுக்கு என்கிட்ட யாழும் இல்ல.”

சொன்னார். மெட்டு சேகரிக்க வந்த துரை கூடவே தன் சின்ன மகனையும் கூட்டி வந்தாராம். இந்த ஊரில் ஒப்பாரிக்கு யாழ் வாசிக்கிற ஒரு பெண் இருந்தாள். வாசித்துக் காட்டு என்றார் துரை. பிணம் இல்லாமல் வாசிக்க மாட்டேன் என்றாள் அவள். துரை சிரித்தார். பையனைத் தூக்கி மேசை மேல் படுக்க வைத்தார். கண்ணை மூடிக்கோடா, நீதான் பிணம் என்றார். பையனும் சிரித்துக்கொண்டே மூடிக்கொண்டான். அவள் வேண்டாம் என்று கெஞ்சியிருக்கிறாள். துரை விடவில்லை. அவள் வாசித்தாள், பாடினாள். துரை மெட்டை ஒன்றுவிடாமல் எழுதி முடித்தார்.

“பையன் கண்ணைத் தொறக்கல,” என்றார் டொமினிக். “அப்புறம் புத்தகத்துல எந்தப் பகுதியில போடுவாரு? தூங்க வைக்கறதுன்னு போட்டுட்டாரு. அழ வைக்கறதுன்னு தன் கையால எழுத மனசு வரல போல.”

“வார்த்தை? அவ பாடின வார்த்தை என்னாச்சு?”

“தனியா வார்த்தைன்னு ஏது? யாருக்குப் பாடறாளோ அவங்க பேரை வச்சு அப்பப்போ கட்டறதுதான்.”

தேநீருக்குக் காசை வைத்தேன். எழுந்தேன். டொமினிக் எழவில்லை. துணியால் ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னொன்னு இருக்கு, சபீனா. சொல்லலாமா வேணாமான்னு ரெண்டு மாசமா யோசிச்சிட்டு இருக்கேன்.”

“சொல்லித் தொலைங்க.”

“அன்னைக்கு மதியம் கடைக்கு போன் வந்துச்சு. ஒரு பொம்பளை. நம்ம மொழிதான், ஆனா இப்போ யாரும் பேசற பேச்சில்ல. ஃபெஸ்டி வீட்டுக்கு ஒரு பெட்டி வேணும், இருட்டினதும் கொண்டு வான்னாங்க. அளவும் சொன்னாங்க.”

“என்ன அளவு?”

அவர் இரண்டு கைகளையும் மேசை மேல் வைத்துக் காட்டினார். நடுவில் இரண்டு முழம்கூட இல்லை.

“நீங்க... போனீங்களா?”

“கூப்பிட்டா போகணும். அது எங்க தொழில். வண்டியில பெட்டியை வச்சுக்கிட்டு ஃபெஸ்டி வாசல் வரைக்கும் வந்துட்டேன். கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். உள்ள என்னமோ படீர்னுச்சு. அப்புறம் பையன் அழுதான். அப்படியே திரும்பிட்டேன்.”

எனக்குக் கோபம் வந்தது. மேசையில் தட்டினேன். “இதை அன்னைக்கே வந்து சொல்லியிருந்தா ஃபெஸ்டியாவது நம்பியிருப்பானே! அந்தப் பெட்டியை என்ன பண்ணீங்க?”

“வச்சிருந்தேன். மறுநாள் காலையில அந்தம்மா மறுபடியும் கூப்பிட்டாங்க.”

“என்ன சொன்னாங்க?”

“அது இனிமே பத்தாது, பையன் வளர்ந்துடுவான், அளவை அப்புறம் சொல்றேன்னாங்க.”

லோர்கன் இப்போது நடக்கிறான். டெர்வ்லா மாதா மாதம் அவனைச் சமையலறைக் கதவோரம் நிற்க வைத்து, தலைக்கு மேல் பென்சிலால் கோடு போட்டு உயரத்தைக் குறிக்கிறாள். நான் போகும்போதெல்லாம் ஈரத் துணியால் அதைத் துடைத்துவிட்டு வருகிறேன். பிள்ளையின் உயரத்தை எதற்கு அழிக்கிறாய் என்று ஃபெஸ்டி கத்துகிறான். சொன்னால் நம்பவா போகிறான்?